பதினேழு கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
பதினேழு இயக்குநர்கள்,
ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி,
ஆம்ஸ்டர்டாம்.

(1799 கடைசியிலேயே நீங்கள் கடையைச் சாத்திவிட்டது தெரியும். இங்கே பூட்டிய ஆபீசுக்கும் மனு போடுவது வழக்கம்.)

ஐயாமாரே,

என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மாப்பிள்ளை ராட்டர்டாமில் குடியுரிமை வாங்கியவர். பெண் இன்னும் தூத்துக்குடியில்தான் இருக்கிறாள். உங்கள் நாட்டில் புருஷனோடு குடித்தனம் பண்ணப் போகிறவள், விமானம் ஏறும் முன்பே ஒரு பரீட்சையில் தேற வேண்டுமாம். 2006-இல் உங்கள் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்த சட்டம். பேச்சு, வாசிப்பு, உங்கள் சமூகத்தைப் பற்றிய அறிவு என்று இப்போது மூன்று தாள். அமெரிக்காக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் இந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் முத்து அள்ளிய ஊருக்கு உண்டு.

ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு பயிற்சி நடக்கிறது. உங்கள் மொழியில் ஓர் எழுத்து, சளியைக் காறுவதுபோல் அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும். முதல் நாள் அதைக் கேட்டு எங்கள் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "ஏட்டி, முள்ளு மாட்டிட்டா? வெறுஞ்சோத்த உருட்டி மெல்லாம முழுங்கு!" கையிலேயே உருண்டையும் இருந்தது.

போகிற ஊர்ப் பேச்சைப் படிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். 1658-இல் போர்ச்சுக்கீசியரை விரட்டிவிட்டு இங்கே குடியேறினீர்களே, அப்போது எந்தத் தாளில் எத்தனை மார்க் வாங்கினீர்கள்? உங்கள் பாதிரியார் பால்டேயுஸ் கொஞ்சம் தமிழ் படித்தார். 1672-இல் அச்சான தன் புத்தகத்தில் எங்கள் எழுத்துகளையும் போட்டார். அவருக்குப் பாஸ் மார்க் போட்டுவிடலாம். ஆனால் அவர் தூத்துக்குடிக்கு வந்ததே, கத்தோலிக்கரான பரதவரை உங்கள் சபைக்கு இழுக்கத்தான். வந்தவர் ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று இன்று பாடம் நடத்துகிறீர்கள். அன்று ஊர்தான் வந்தவரோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. பரதவர் அசையவில்லை. ஆகஸ்ட் 5 அன்று வந்து பாருங்கள், பனிமய மாதா திருவிழாவில் கால் வைக்க இடமிருக்காது.

விசா விஷயத்தில் நீங்கள் அப்போதே கெட்டி. எங்கள் கடலில் எங்கள் தோணி ஓட உங்கள் பாஸ் வேண்டும். முத்துச் சலாபம் நடந்தால், குளிகாரன் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிற கல்லுக்கு இவ்வளவு என்று வரி. அவன் கீழே மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, கரையில் நீங்கள் கல்லை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

போகட்டும், மனுவுக்கு வருகிறேன். மொழித் தாளில் எங்கள் பெண்ணுக்குச் சலுகை மார்க் போடச் சிபாரிசு செய்ய வேண்டும். இரண்டு ஒல்லாந்துச் சொல் எங்களுக்குப் பேசப் பழகிய நாளிலிருந்தே தெரியும்: துட்டு, கக்கூஸ். புது ஊரில் இறங்கியதும் மனுஷன் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தானே?

பதில் போடும்போது அனுப்புநர் பெயரை முழுசாக எழுதுங்கள். உங்கள் செப்புத் துட்டில் வி.ஓ.சி. என்று கம்பெனி முத்திரை இருக்கும். அந்த மூன்றெழுத்தை மட்டும் உறையில் போட்டால் கடிதம் நேரே எங்கள் துறைமுகத்துக்குப் போய்விடும். இங்கே அது, 1906-இல் பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவரின் பெயர்.

இப்படிக்கு,
பெண்ணின் தாய்மாமன்,
தூத்துக்குடி.