முந்நூறால் பெருக்கு

ஒரு வருடச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்கிறார்கள். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கிலிருந்து கிளம்பிய விதி இது. அவர் வைத்துப் பார்த்தது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும்தான். கோயம்பேட்டுத் தக்காளி விலை அவருக்குத் தெரிய நியாயமில்லை. இருந்தாலும் கணக்கு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வருடச் செலவுக்கு 25 என்றால் மாதச் செலவுக்கு 300. இது தெரிந்த நாளிலிருந்து நிம்மதியாக ஒரு காபி குடிக்க முடியவில்லை. ஆபீஸ் வாசலில் டிகிரி காபி 20 ரூபாய். ஞாயிறுகளைக் கழித்தால் மாதம் 500. முந்நூறால் பெருக்கினால் ஒன்றரை லட்சம்! டபராவில் ஒன்றரை லட்சத்தை ஊற்றி ஆற்ற யாருக்கு மனசு வரும்? பிளாஸ்க்கோடு போக ஆரம்பித்தேன். "சாருக்கு சுகரா?" என்று கடைக்காரர் பரிவோடு விசாரித்தார். ஆமாம் என்பது மலிவான பதிலாகப் பட்டது.

பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளப்பது, தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவது இதெல்லாம் நம் வீடுகளில் சிக்கனத்தில் சேர்த்தியில்லை. அது குடித்தனம்.

செலவைக் குறைப்பதாவது கைக்கு வேலை கொடுக்கிறது. காத்திருப்பதுதான் கொடுமை. பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு முதிர 15 வருடம். மாதத்தின் 5-ஆம் தேதி முடிவதற்குள் பணம் கட்டினால்தான் அந்த மாத வட்டி. அதனால் எங்கள் வீட்டில் ஆறாம் தேதிக்கு முன் யாருக்கும் செருப்பு அறுந்துபோக அனுமதியில்லை. அப்படிக் கட்டியும் வட்டி வரவு வைக்கப்படுவது வருடத்துக்கு ஒரே முறை, மார்ச் கடைசியில். 7.1 சதவீதத்தில் போட்ட பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய 10 வருடம் ஆகும். நானோ ராத்திரி தூக்கம் கலைந்தால் போனில் இருப்பைப் பார்க்கிற ஜாதி.

"முளைகட்ட வச்ச பயறை மணிக்கொரு தரம் தொறந்து பார்த்தா மொளைச்சிடுமா?" என்பாள் மனைவி.

அவளுக்கு இந்த முந்நூறைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். முதலில் என் தலைச்சாயத்தில் பரீட்சித்துப் பார்த்தாள். மாதம் 250. எழுபத்தையாயிரம் ரூபாய்க் கருப்பு என்று விடை வந்தது. நான் நரைக்குத் திரும்பினேன்.

போன வாரம் இரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நம்ம தெருவுல சமையலுக்கு ஆள் வச்சா மாசம் எவ்வளவு கேப்பாங்க?"

"ஆறாயிரத்துக்குக் குறையாது."

"முந்நூறால பெருக்குங்க."

பெருக்கினேன். பதினெட்டு லட்சம்.

"அது அந்த நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

புரட்டினேன். இல்லை. புதுப் பக்கம் ஒன்றில் அவள் பெயரைப் போட்டு, பதினெட்டு லட்சத்தை எழுதி, கீழே கோடும் கிழித்தேன். நியாயமாகக் கூட்டிப் பார்த்தால் வீட்டில் பெரிய முதலாளி அவள்தான். திருப்தியோடு உள்ளே போனவள், நான் நோட்டை மூடுவதற்குள் நிலைப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாத்திரம் தேய்க்கிறது அதுல சேரல."