எவிடுந்நா?

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ ஏறுங்கள். மீட்டருக்கு முன்னால் கேள்வி ஓடும்: “எவிடுந்நா?” எங்கிருந்து வருகிறீர் என்று அர்த்தம். நாகர்கோவில்காரர் ‘நியூயார்க்’ என்று அடித்துவிட்டாலும் டிரைவர் தலையாட்டிக்கொள்வார். டிக்கெட்டையா காட்டச் சொன்னார்?

வெப் சர்வரும் அதே ரகம். ஒரு பக்கத்தில் லிங்க்கை அமுக்கினால், ‘இவர் இன்ன இடத்திலிருந்து வருகிறார்’ என்று பிரவுசர் ஒரு சீட்டு நீட்டும். பெயர் ரெஃபரர். சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்ட் அதைப் படித்துப் பார்த்து, நம்ம வீட்டுப் பிள்ளை என்றால் உள்ளே விடும். வெளியாள் என்றால் கதவடைப்பு. படு கெட்டிக் காவல்! ஒரே ஒரு சின்ன விஷயம்: சீட்டை எழுதுவதே வருகிறவர்தான்.

சிரிக்காதீர்கள். நம்ம திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா இப்படித் தன் சீட்டைத் தானே எழுதிக்கொள்வதில் கில்லாடி. கொல்லம், காயங்குளம் என்று அக்கம்பக்கத்து நாடுகளை மளமளவென்று விழுங்கியாயிற்று. ‘இதெல்லாம் உமக்கு எங்கிருந்து வந்தது?’ என்று எவனாவது கேட்டுத் தொலைத்தால்? 1750-ல் பத்மநாபசாமி சந்நிதியில் வாளை வைத்துவிட்டு, நாடு மொத்தத்தையும் பெருமாள் பேருக்குப் பட்டா மாற்றிவிட்டார். தான் வெறும் பத்மநாபதாசன், ஆர்டரெல்லாம் மேலிடத்திலிருந்து! அதற்குப் பிறகு எதிர்த்து நின்றவன் ராஜத்துரோகி இல்லை, சாமித்துரோகி. ஆண்டதென்னவோ அதே ஆள்தான்.

சரி, பிறப்பைப் பற்றியே கேட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: இரணியகர்ப்பம். பெரிய பொற்பாத்திரம், உள்ளே பஞ்சகவ்யம். ராஜா அதில் இறங்கி முங்கி எழுந்தால், தங்கக் கருவிலிருந்து மறுபடி பிறந்தவர். அப்புறம் அந்தத் தங்கத்தை வெட்டிப் பிராமணர்களுக்குப் பங்கு போட்டார்கள். சர்ட்டிஃபிகேட் கொடுத்தவர்களுக்கே சர்வீஸ் சார்ஜ்!

இன்றைக்கு அத்தனை செலவு வேண்டாம். ‘கர்ல்’ என்ற இலவச புரோகிராமில் ஒரு வரி தட்டினால், நீங்களும் கூகுளிலிருந்து அவதரித்தவர்.

இதைவிடப் பெரிய கூத்து, அந்த ரெஃபரர் சீட்டின் பெயரே தப்பு. ஆங்கிலத்தில் நடுவே இரண்டு ‘ஆர்’ வரவேண்டும். அந்தச் சீட்டை முன்மொழிந்த பிலிப் ஹாலம்-பேக்கர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். யாராவது பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? அன்றைய யுனிக்ஸ் ஸ்பெல் செக்கருக்கு இரண்டு ஸ்பெல்லிங்கும் தெரியாதாம்! 1996-ல் வந்த ‘ஆர்எஃப்சி 1945’ என்ற வெப் விதி ஆவணம் தப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. சீட்டில் எவ்வளவு எழுதலாம் என்று சொல்லப் பிற்பாடு பிறந்த ‘ரெஃபரர் பாலிசி’க்கு மட்டும் சரியாக இரண்டு ‘ஆர்’. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு.

பெயர்க் கூத்து நம்ம ஊருக்கும் உண்டு. வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் ‘ட்ரிவாண்ட்ரம்’ ஆகிப்போன ஊர், 1991-ல் திருவனந்தபுரமாகத் திரும்பியது. அடுத்த தடவை விமானத்தில் வந்தால் பெட்டியில் தொங்கும் டேக்கைப் பாருங்கள்: இன்னமும் டிஆர்வி.