வீரன் காத்த மானம்

ஹட்டன் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் நாய்க்குக் கருத்தடை என்றாலே பாவம். எப்பேர்ப்பட்ட ஞானம்! பெட்டை ஒருதரமாவது குட்டி போட்டால்தான் உடம்பு தேறுமாம். எங்கள் ராணி ஆறாவது தடவையாகத் தேறுகிறது. விலா எலும்பை எண்ணலாம். கடுவனுக்குச் செய்தால் காவல் போய்விடுமாம். முழு ஆண்மையுள்ள எங்கள் கடுவன் வீரன், அடுத்த டிவிசன் பெட்டையைக் காவல் காக்கப் போய் மூன்று நாளாகிறது. 63 நாளில் குட்டிகள். கொல்வோமா? சாக்கில் போட்டு, பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் பக்குவமாக விட்டுவருவோம். அவர்களும் அதே கருணையோடு எங்கள் ஸ்டோர் வாசலில். 2006 முதல் அரசாங்கமும் தெருநாயைக் கொல்வதில்லை. எல்லோரும் தர்மவான்கள். இருட்டியதும் தேயிலைக்குள்ளிருந்து இறங்கும் சிறுத்தை மட்டும்தான் இங்கே குடும்பக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர்.