கால் வைத்தால் கத்தும்

அப்பாவின் மொரிஸ் மைனரில் பிரேக் சத்தம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. சத்தம் என்றால் அது கார் முழுவதும்தான். கதவு ஒரு பக்கம் ஆடும், கியர் பெட்டி முனகும், பின் சீட்டுக்கு அடியில் பெயர் தெரியாத ஏதோ ஒன்று புசல்லாவையிலிருந்து கண்டி வரைக்கும் விடாமல் தட்டிக்கொண்டே வரும். அவற்றில் ஒன்று திடீரென்று நின்றால்தான் அப்பாவின் முகம் மாறும். "என்னமோ கழண்டு விழுந்திருச்சு" என்று காரை ஓரங்கட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போய்த் தேடுவார். பெரும்பாலும் கிடைக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் நிற்பது ஒரு டொயோட்டா அக்வா. ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் முன்சக்கரப் பிரேக் பேட்டை மாற்றிக்கொண்டு வந்த மறுநாளே கீச்சிடத் தொடங்கியது. கண்டி வாவியைச் சுற்றி ஊர்ந்து போகிற வாகன வரிசையில் ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் ஒரு நீண்ட, கூர்மையான கீச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கார் நிற்பதில் எந்தக் குறையும் இல்லை. சொன்ன இடத்தில் நின்றது. அப்பாவின் கார் சொன்ன இடத்தில் நின்ற நாட்களில் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்.

அப்பா தோட்டத்தில் பெரிய கிளாக்கர். மைனர் அவர் கைக்கு வந்தபோதே இரண்டு மூன்று பேரின் கைமாறிய கார். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பிரேக் எண்ணெய் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டரை வெள்ளைக்காரன் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே வைத்திருந்தான். விரிப்பைச் சுருட்டி, தரையிலிருக்கும் மூடியைத் திறந்து, முழந்தாளிட்டுத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். "கோயில்லகூட இந்த மனுசன் இப்புடிக் குனிஞ்சதில்ல" என்பார் அம்மா.

1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைச் சாத்தியது. 1977இல் அது திறக்கும்வரை புதிய பிரேக் சூ என்பது கேள்விப்பட்ட பொருள் மட்டுமே. தேய்ந்துபோன சூவைக் கழற்றி, அதே இரும்பில் புது லைனிங் வைத்து ரிவிட் அடிப்பதுதான் வழி. அதற்கு மஹியாவையில் ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார். லைனிங்கை அளந்து வெட்டுவார், துளை போடுவார், செம்பு ரிவிட்டை ஒவ்வொன்றாக அடித்து இறுக்குவார், கடைசியில் இரண்டு ஓரங்களையும் அரத்தால் சாய்வாக ராவுவார். "இந்த மூலைய விட்டா அதுதாங்க ஐயா கத்தும்" என்பார். பிறகு டிரம்முக்குள் கிடக்கும் தூசியை வாயால் ஃபூ என்று ஊதுவார். நானும் பக்கத்தில் குந்தியிருந்து ஊதியிருக்கிறேன். அது கல்நார்த் தூசி. அதைப் பற்றி அப்போது ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். ஆனாலும் 2017 கடைசியில், கல்நார்க் கூரைத்தகட்டைக் கட்டுப்படுத்த இலங்கை கிளம்பிய நேரம் பார்த்து ரஷ்யாவுக்கு நமது தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டு அகப்பட்டது. தேயிலைக்குத் தடை வந்தது. கொழும்பு கல்நார்த் தடையைத் தள்ளிப்போட்டதும், தேயிலைத் தடையும் போயிற்று. வண்டு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

லைனிங் என்றால் பாஸுக்கு ஃபெரோடோ ஒன்றுதான். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இங்கிலாந்துக்காரர் 1897இல் தொடங்கிய கம்பனி அது. டார்பிஷயர் மலைச் சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய சப்பாத்தைக் கட்டி இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது என்று கதை உண்டு. அந்தக் கதை பாஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஃபெரோடோ கிடைக்காத ஒரு மோசமான வருடத்தில், தேயிலை ஃபெக்டரியின் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி எங்கள் காருக்கு ரிவிட் அடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் பாதி வழியில் புகை வந்தது.

பாஸ் சத்தம் பார்க்கும் முறை எளிது. காரை மேட்டுக்குக் கொண்டுபோய், அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி இறக்குவார். மைனரின் பிரேக்குக்கு சேர்வோ கிடையாது. காலின் பலம் மட்டுமே என்பதால் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே பிரேக்தான். எஞ்சின் அணைந்தால் கதவும் முனகலும் பாதி அடங்கிவிடும். மிச்சம் கேட்பது சக்கரம். பாஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு காதை முன் சக்கரத்துக்குக் கொடுத்தபடி போவார். கரகரவென்று உராய்ந்தால் ரிவிட் டிரம்மில் படுகிறது. கீச்சென்றால் லைனிங் கண்ணாடி பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

இறுதிப் பரீட்சை கடுகண்ணாவையில். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அந்த வழியில் லொறி ஓட்டிய எல்லாரும் சொன்ன பாடம். இறங்கும்போது அந்தப் பெரிய கற்பாறையைக் குடைந்த வழியை அப்பா எனக்குக் காட்டுவார். மலையைத் துளைத்து வருகிறவன்தான் கண்டியைப் பிடிப்பான் என்று பழைய வாக்கு ஒன்று உண்டாம். வெள்ளைக்காரன் 1815இலேயே கண்டியைப் பிடித்துவிட்டு, பாறையைப் பிறகு ஆறுதலாகத் துளைத்தான். பாதை போட்ட கேப்டன் டாசன் 1829இல் இறந்துபோனார். அவர் பெயரில் கோபுரம் இன்றும் வளைவில் நிற்கிறது. இப்போது வாகனங்கள் பாறைக்கு வெளியால் சுற்றிப் போகின்றன. துளைக்குள் நின்று ஆட்கள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

எஞ்சினை அணைத்து இறங்குவதை அப்பா பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு அது வழக்கமாகிவிட்டது. இறக்கம் கண்டால் சாவியைத் திருப்பிவிடுவார். மாமா அதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர் வைத்தார். இன்று அக்வா இறக்கம் கண்டால் தானாகவே எஞ்சினை அணைத்துக்கொள்கிறது. அதற்கு ஹைபிரிட் என்று பெயர், அதற்காக லட்சக்கணக்கில் கூடக் கொடுத்திருக்கிறோம். பாஸ் மேட்டில் வைத்து உண்டாக்கிய அந்த நிசப்தம் இப்போது எங்களுக்கு நாள் முழுக்கக் கிடைக்கிறது. அதனால்தான் பிரேக் கத்துவது கேட்கிறது. மைனரிலும் அது கத்தியிருக்கும். யாருக்குக் கேட்டது?

பேட் மாற்ற நேர்ந்த கதையும் இந்த நிசப்தத்தோடு சேர்ந்ததுதான். ஹைபிரிட் காரில் கால் வைத்தவுடன் முதலில் வேகத்தைக் குறைப்பது மோட்டார். அது மின்சாரம் பிடித்து பேட்டரிக்கு அனுப்பும். பேட் உண்மையாக டிஸ்க்கைக் கவ்வுவது கடைசியில், ஊர்ந்து நிற்கும்போது. பேட் பல மடங்கு காலம் உழைக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் வேலையில்லாமல் கண்டி மழையில் சும்மா நிற்கும் கலிப்பர் துருப்பிடிக்கும். எங்களுடையதில் ஸ்லைட் பின் இறுகி, உள்பக்கத்துப் பேட் இரும்பு வரைக்கும் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்துப் பேட் ஏறக்குறையப் புதியது.

மாற்றிய கராஜில் போய்ச் சத்தத்தைச் சொன்னேன். குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், கோப்பி. வெள்ளைக் கையுறை போட்ட பையன் ஸ்கேனரைக் குத்திப் பார்த்தான். "ஒரு ஃபோல்ட்டும் இல்ல அங்கிள், கம்ப்யூட்டர் சரி எண்டுதான் காட்டுது." அந்த நேரம் பார்த்து இன்னொருவர் என் காரை உள்ளே எடுத்தார், கீச்சு. பையன் என்னைப் பார்த்தான், ஸ்கேனரைப் பார்த்தான். ஸ்கேனரைத்தான் நம்பினான். பிறகு பேட் சரியில்லை என்று இன்னொரு ஜதை போட்டார்கள். அதுவும் கத்தியது, கொஞ்சம் கீழ்ச்சுருதியில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களைத்தான் எல்லாரும் இழுத்துப் பறித்து ஓட்டினார்கள். நான் கேட்டது 1970களில் கேட்ட அதே வசனம்: "ஒரிஜினல் இல்ல, இதுதான் இருக்கு." அன்றைக்கு பாஸ் அதைச் சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார். இங்கே பில்லை எடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் 2008 முதல் வருடா வருடம் காரின் புகையைப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வரி அனுமதிப்பத்திரம் கிடையாது. சொந்தக் காரின் பிரேக்கை ஒருவரும் கேட்பதில்லை. மலைநாட்டில் சுத்தமாகப் புகைவிட்டுக்கொண்டு பள்ளத்தில் விழச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கடைசியில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்னக் கராஜ். தகரக் கூரை, ஒரு ஜாக், ஒரு பையன். மொறட்டுவை ஜெர்மன் டெக்கில் படித்தவன். ஸ்கேனர் அவனிடமும் இருந்தது. தூசி தட்டாமல் மூலையில். வந்தவுடன் போனட்டைத் திறக்கவில்லை, கேள்வி கேட்டான்.

"மிதிச்சாக் கத்துதா, விட்டாக் கத்துதா?"

"மிதிச்சா."

"விட்டதும் நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப கல்லும் இல்ல, பெயரிங்கும் இல்ல. டிஸ்க்குக்குப் பின்னால இருக்கிற தகடு வளைஞ்சு உரசினா மிதிக்காமயே கத்தும் அங்கிள். வளைவில திரும்பக்குள்ள மாறினா பெயரிங். காலையில மட்டுமா, நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க."

"காலையில ரெண்டு மூணு தரம் கத்தினா விட்டுரலாம். ராவு மழையில டிஸ்க்கு துரு பூக்கும், கொஞ்சம் ஓடினாப் போயிரும். ரிவர்ஸ் போட்டு மிதிச்சா டக்குன்னு அடிக்குதா?"

அடிக்கவில்லை. அப்போ கிளிப் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கில் விரலை ஓட்டி ஓரத்து விளிம்பைப் பார்த்தான். பேட்டை உருவி, முகப்பைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிப் பார்த்தான். மொட்டை இரும்பு.

"ஷிம் எங்க?"

பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்போது வயலின் வில் தந்தியில் செய்கிற வேலையைச் செய்கிறது: பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. அந்த அதிர்வு வினாடிக்கு 1,000க்கு மேலே போனால் காதைக் குத்தும் கீச்சு. 16,000 வரைக்கும்கூடப் போகும். பேட்டின் முதுகுக்கும் கலிப்பரின் பிஸ்டனுக்கும் நடுவில் உட்காரும் மெல்லிய தகடுதான் ஷிம். அதிர்வை விழுங்குவது அதன் வேலை. மலிவான பேட் பெட்டியில் அது வராது. பழைய பேட்டிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும், கராஜில் மாட்டவில்லை.

"பழைய பேட்ட எறிஞ்சிருப்பாங்களே, அங்கிள்."

எறியவில்லை. கார் டிக்கியில், லங்காதீப பத்திரிகையில் சுற்றி இருந்தது. கழற்றிய சாமானை வீட்டுக்குக் கேட்டு வாங்கிவராமல் கராஜிலிருந்து கிளம்பக்கூடாது என்பது அப்பா எங்களுக்கு விட்டுப்போன சொத்துகளில் ஒன்று. உண்மையாகவே மாற்றினானா என்று பார்க்கத்தான்; தேய்ந்த சாமானை வைத்து வேறு உபயோகம் எதுவும் அவருக்கும் தெரியாது. வீட்டின் பின்னால் ஒரு தகரப்பெட்டி நிறைய மைனரின் பிரேக் சூ கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்காரனுக்குப் போயிற்று. 1990களில் பாத் நகரத்தில் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ல்ஸ் வெயார் என்பவருக்கு இலங்கையில் பாகங்கள் செய்து கப்பலில் அனுப்பினார்கள் என்று பிறகு படித்தபோது அந்தப் பெட்டி நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

பையன் பழைய ஷிம்களைத் தட்டிக் கழற்றிக் கழுவினான். ஸ்லைட் பின்களுக்கு சிலிக்கன் கிரீஸ். பேட்டின் இரண்டு காதுகளிலும் சூடு தாங்குகிற கிரீஸ் ஒரு பூச்சு. முகப்பில் ஒரு துளி பட்டுவிடக்கூடாது என்று துணியால் பொத்திக்கொண்டான். பிறகு, நான் கேட்காமலே அரத்தை எடுத்து பேட்டின் இரண்டு ஓரங்களையும் சாய்வாக ராவினான். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "யூடியூப்" என்றான்.

பேட் பழக வேண்டும்: 60இல் போய் மெதுவாக 10க்குக் குறைக்க வேண்டும், முற்றாக நிறுத்தக்கூடாது, கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பவும். கண்டியில் 60இல் போகிற பாதையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஞாயிறு விடியற்காலை திகன வீதியில் போய் முடித்துவிட்டு, அப்படியே கடுகண்ணாவைக்கும் ஒரு நடை. இறக்கத்தில் பேட்டரி நிறைந்தது. அதற்குமேல் மின்சாரம் பிடிக்க இடமில்லாமல், லீவரை பி-யில் போட்டதும் அக்வாவின் எஞ்சின் எண்ணெய் குடிக்காமலே சும்மா சுழன்று உறுமியது. இத்தனை நாளில் அந்தக் கார் போட்ட முதல் உருப்படியான சத்தம். பிரேக்கில் கால் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பையன் வாங்கியது முதல் கராஜின் ஸ்கேன் கட்டணத்தைவிடக் குறைவு. அந்தக் கராஜிலிருந்து எங்கள் சேவையில் திருப்தியா, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுங்கள் என்று இன்னும் எஸ்எம்எஸ் வருகிறது.

வீட்டில்தான் சின்னப் பிரச்சினை. ஹீரஸ்ஸகல மேட்டு வளைவில் பிரேக் கத்தினால், மனைவி கேட்டைத் திறந்துவிடுவாள். இப்போது மழையில் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. "வந்தா ஹோர்ன் அடிங்களேன்" என்கிறாள். அடித்தால் பக்கத்து வீட்டு ஐயா ஜன்னலைத் திறந்து முறைக்கிறார்.