36 நொடி மூலமும் அதன் உரைகளும்

1. முன்னுரை

மூலம் முன்னே வர, உரைகள் அதன் பின்னே எழுவது உலக வழக்கு. மூலம் வராமலே உரைகள் மலிந்த துறை ஒன்று உண்டெனில், அது 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' என்னும் வீடியோ கேம் பற்றிய எதிர்பார்ப்புத் துறையே. அமெரிக்காவின் பெதஸ்டா கேம் ஸ்டுடியோஸ் ஆக்கிவரும் இவ்வாட்டம், 2018 ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அறிவிக்கப்பட்டது. அன்று காட்டிய டீசரின் நீளம் 36 நொடி. அதில் மலை உண்டு, மேகம் உண்டு, கடற்கரை உண்டு, இசை உண்டு. ஆள் இல்லை, வாள் இல்லை, டிராகன் இல்லை, வெளியீட்டு நாளும் இல்லை. இக்கட்டுரை எழுதப்படும் வரை அக்கடைசிப் பொருள் கிடைத்தபாடில்லை.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: ரசிகர் வாயால் கேட்பது புது ஆட்டத்தின் நிறைகள், மனத்தால் வேண்டுவது பழைய ஆட்டத்தின் குறைகள்.

கதை, போர்முறை, கதாபாத்திரங்கள் ஆகியன இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இன்றைய நிலையில் அவை எவருடைய எல்லைக்கும் உட்பட்டவை அல்ல என்பதால் ஆய்வாளர் இதற்காக வருந்தவில்லை.

2. கால ஆராய்ச்சி

வரிசையின் முதல் பாகமான 'அரீனா' 1994இல் வந்தது. 'டாகர்ஃபால்' 1996, 'மாரோவிண்ட்' 2002, 'ஒப்லிவியன்' 2006, 'ஸ்கைரிம்' 2011. இரண்டு பாகங்களுக்கு இடைப்பட்ட காலம் ஆறாண்டைத் தாண்டியதில்லை என்பது இதனால் பெறப்படும். அதன்பின் வரிசை நின்றது, வணிகம் நிற்கவில்லை. ஸ்கைரிம் 2016இல் சிறப்புப் பதிப்பாகவும், 2017இல் நின்டெண்டோ ஸ்விட்சிலும், 2021இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பாகவும் வந்தது. ஆறாம் பாகம் அறிவிக்கப்பட்ட அதே 2018 நிகழ்ச்சியில், ஸ்கைரிமை அமேசான் அலெக்சாவில் வாய்ப்பேச்சாலேயே ஆடும் வடிவத்தை நகைச்சுவையாக அறிமுகப்படுத்தினர். அது நகைச்சுவை மட்டுமன்று, உண்மையிலேயே வெளியிடப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஸ்கைரிம் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023இல் கூறினார். இந்த 6 கோடியுள் ஒரே ஆள் எத்தனை முறை எண்ணப்பட்டார் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆறாம் பாகத்தின் காலத்தைக் கணிக்க நமக்குக் கிடைக்கும் வலுவான சான்று நீதிமன்றச் சான்றே. பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கும் பேரம் 2021இல் முடிந்தது. பின்னர் வேறொரு நிறுவனத்தை வாங்கப்போய் வழக்கில் நின்றபோது, 2023 ஜூனில் மைக்ரோசாஃப்டின் ஃபில் ஸ்பென்சர், இவ்வாட்டம் வர ஐந்தாண்டுக்கு மேல் ஆகும் எனச் சாட்சியம் அளித்தார். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற நிலையில் வெளிவந்த செய்தியாதலின் இதனை ஆய்வுலகம் ஏற்கிறது.

3. இட ஆராய்ச்சி

ஆட்டம் நிகழும் நிலம் எது? டீசரில் கண்ட வறண்ட மலையையும் கடலோரத்தையும் கொண்டு உரைகாரர் மூவகைப்படுவர். இவ்வரிசையின் கற்பனை உலகில் பாலை சூழ்ந்த ஹாமர்ஃபெல் மாகாணமே என்பார் ஒரு சாரார். மேகமும் பாறையும் உள்ளமையின் ஹை ராக் என்பார் ஒரு சாரார். இரண்டுமே, இடையில் இலியாக் விரிகுடாவும் உண்டு என்பார் மூன்றாம் சாரார். மூன்றாம் சாராரே விவாதங்களில் தோற்காதவர். எது வந்தாலும் 'அப்பவே சொன்னேன்' எனலாம். ஒரு நிழலைக் கோட்டை என்றும், ஒரு வெள்ளைப் புள்ளியை நகரம் என்றும் காட்டிப் படத்தின் மேல் சிவப்பு வட்டம் இடுவது மூவர்க்கும் பொதுவான ஆய்வு நெறி.

4. எதிர்பார்ப்பின் வகைப்பாடு

எதிர்பார்ப்பு இருவகைத்து: உரைத்தது, உரையாதது.

உரைத்த எதிர்பார்ப்புகளுள் தலையாயது 'பெரிய மேப்'. ஆனால் அளவு மட்டும் போதாது என்பதற்கு இவ்வரிசையே சான்று. டாகர்ஃபாலில் 15,000க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு; பெரும்பாலானவை கணினி கணக்குப் போட்டு நிரப்பியவை. ஸ்கைரிம் நிலம் அதன் ஒரு மூலைக்கும் காணாது. எனினும் ரசிகர் நினைவில் குடியிருப்பது ஸ்கைரிமின் வைட்ரன் நகரச் சந்தையே. 2023இல் இதே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களுடன் 'ஸ்டார்ஃபீல்ட்' தந்தது. கோள்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன, லோடிங் ஸ்கிரீன் மிகுதி என்று பலர் குறைப்பட்டனர். இனி 'பெரிய மேப்' கேட்போர் சற்றே தயங்கிக் கேட்பர் என எதிர்பார்க்கலாம்.

உரையாத எதிர்பார்ப்புக்கு வருவோம்; அது பழைய ஆட்டத்தின் குறைகளை நோக்கியது. ஸ்கைரிமில் குதிரை செங்குத்தான மலையில் ஏறும்; அதன் முகத்தில் வியப்போ வியர்வையோ தோன்றாது. அரக்கன் தடியால் அடித்தால் ஆட்டக்காரர் சாவதோடு நில்லாமல் வானுக்கும் போவார். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டால், கடையைக் காலி செய்தாலும் அவர் பார்த்ததாகச் சட்டம் கொள்ளாது. டிராகன் நெருப்புமிழும் நடுவே ஆட்டத்தை நிறுத்திவைத்து, பெரிய பாலாடைக்கட்டிகள் பத்தை ஒரே மூச்சில் தின்று உயிர்பெறலாம். ரிவர்வுட் கிராமத்தில் ஒரு கோழியைக் கொன்றால் ஊரே ஆயுதம் எடுக்கும். 2011 நவம்பரில் 1.2 என்ற திருத்தப் பேட்ச் வந்தபின் சில டிராகன்கள் பின்னோக்கிப் பறந்தன. ரசிகர்கள் கூடும் இடத்தில் தலைமைக் கதையின் முடிவை எத்தனை பேர் விவரிக்கிறார்கள், பின்னோக்கிப் பறந்த டிராகனை எத்தனை பேர் விவரிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டால் கருதுகோளின் வலிமை புலப்படும்.

வெளியீட்டுக்கு முன்பே களையப்பட்ட குறையும் ஒன்றுண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் கைதிகளை ஏற்றிச் செல்லும் வண்டி, ஆக்கத்தின்போது சில வேளை ராக்கெட்டாய் வானேறியது. காரணம் ஒரு தேனீ. தேனீயைக் கையால் பிடிக்க வழிசெய்தபோது, அதனோடு பிற பொருள்களும் மோதலாயின; ஆனால் தேனீயை எதனாலும் நகர்த்த முடியவில்லை. அதனால் மோதிய வண்டிதான் பறந்தது. இதைப் பிற்காலத்தில் வெளியிட்டவர் ஆக்கக்குழுவில் இருந்த நேட் பர்க்கிபைல். செய்தி அறிந்த ரசிகர் பலரும் சிரித்தனர். அதைத் தாம் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்னும் ஏக்கமும் அச்சிரிப்பில் இருந்தது.

5. தடையும் விடையும்

குறைகளை ரசிகர் விரும்புவர் எனின், அவர்களே சம்பளமின்றி உட்கார்ந்து 'பக்' எனும் நூற்றுக்கணக்கான குறைகளைத் திருத்தும் 'அன்அஃபிஷியல்' பேட்ச் வெளியிட்டது ஏன் எனின், கூறுதும். குறை இரண்டு வகை: ஆட்டக்காரரை நிறுத்துவது, ஆட்டக்காரரைப் பறக்கவிடுவது. முன்னதைத் திருத்தினால் நன்றி கிடைக்கும். பின்னதைத் திருத்தினால் சண்டை கிடைக்கும். மருந்தைக் குடித்துக் குடித்துத் திறனை அளவின்றிப் பெருக்கும் ஓட்டை ஒன்றை அப்பேட்ச் அடைத்தபோது, அதை மீண்டும் திறக்கவே தனி மோட் (ரசிகர் செய்யும் மாற்றம்) செய்தவர் உண்டு.

குறை குறைந்தால் ஆட்டம் சிறக்காதோ எனின், ஸ்டார்ஃபீல்டை நோக்குக. வெளியான நாளில் பக் மிகக் குறைந்த பெதஸ்டா ஆட்டம் அதுவே எனப் பல விமர்சகர் எழுதினர். ஆயினும் ஸ்கைரிமுக்குக் கிடைத்த பாசம் அதற்குக் கிடைக்கவில்லை. ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்பதற்கு ஆதாரமில்லை. போலி ஆய்வில் அது தேவையுமில்லை.

இறுதிச் சான்று வலிது. 2025 ஏப்ரல் 22 அன்று ஒப்லிவியனின் புதுப்பிப்பு, முன்னறிவிப்பின்றி வந்தது. சில நாள்களிலேயே 40 லட்சம் பேர் ஆடினர். மூல ஆட்டத்தில் குரல் நடிகை ஒருவர் வசனத்தைத் தவறவிட்டு, மீண்டும் பேசுவதாகச் சொன்னது வெட்டப்படாமல் தங்கிவிட்டிருந்தது. காட்சிகளை அடியோடு மாற்றியவர்கள் அந்தத் தவறை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். ரசிகர் அதைக் கொண்டாடினர். கருதுகோள் நிறுவப்பட்டது.

6. பரிந்துரைகள்

நிறுவனத்தாருக்கு மூன்று. குதிரை மலையேறும் உரிமையைப் பறிக்க வேண்டாம். அரக்கனின் தடிக்குப் புவியீர்ப்பைக் கற்பிக்க வேண்டாம். வாளியின் கொள்ளளவு, ஒரு தலை நுழையும் அளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றில் அவர்கள் விருப்பம்.

வாசகர்களுக்கு ஒன்று. ஆறாம் பாகம் வந்த முதல் நாளே 'இது ஸ்கைரிம் மாதிரி இல்லை' என்று எழுத இருக்கும் அன்பர்கள் அதை இப்போதே எழுதி, எழுத்துப்பிழை பார்த்து வைத்துக்கொள்ளலாம். அவகாசம் நிறைய இருக்கிறது.