அட்டைக்கு யார் சொந்தம்?

கேள்வி: மழை நாளில் இறப்பர் பால் வெட்டப் போனால் காலில் ஏறும் அட்டை, மண்புழு, மரவட்டை மூன்றும் ஒரே இனமா?
– வாசகி, கரவனெல்ல

பதில்: 1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் அட்டை, மண்புழு, நத்தை எல்லாவற்றையும் 'புழுக்கள்' என்று ஒரே கூடையில் போட்டார். பின்னால் வந்தவர்கள் உடலமைப்பைப் பார்த்துப் பிரித்தார்கள். அட்டையும் மண்புழுவும் நெருங்கிய உறவு. இரண்டும் வளையப் புழுக்கள், ஆணும் பெண்ணும் ஓருடலில். மண்புழுவின் கண்டங்கள் (உடல் வளையங்கள்) இனத்துக்கு இனம் கூடும், குறையும். அட்டைக்கோ எண்ணிக்கை மாறாது. வெளியே தெரியும் நுண்வரிகளை எண்ணி ஏமாறாதீர்கள், ஒரு கண்டத்தின் மேலேயே பல வரிகள் உண்டு. மரவட்டை இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. கெட்டி ஓடு, மூட்டுள்ள கால்கள்: அது நண்டுக்கும் சிலந்திக்கும் சொந்தமான கணுக்காலி.

உங்கள் மலையில் ஏறுகிறதே, அந்த நில அட்டை அருமையான படைப்பு! முன்னும் பின்னும் உறிஞ்சி, 3 தாடைகள், 10 கண்கள். வயிற்றின் பக்கப் பைகளில் தன் எடையைப் போலப் பல மடங்கு இரத்தம் நிரப்பிக்கொள்ளும். ஒருமுறை விருந்துண்டால் பல வாரம் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பிடுங்கி எறியாமல், நகத்தால் உறிஞ்சியின் விளிம்பை நெம்பி எடுங்கள்.