மூலவர் நகரார்: டிவிக்குப் படம் அனுப்பும் கலையில் திருப்பரங்குன்றத்தின் பங்கு

லேப்டாப்பில் இருக்கும் படத்தை ஹாலில் இருக்கும் டிவியில் ஓடவிடுவது பத்தடி தூரத்துப் பிரச்சினைதான். அந்தப் பத்தடியைக் கடக்க உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இதற்கு வரலாறு எழுதுவோர் 1996இல் தொடங்குவார்கள். பாரிஸில் எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள் கல்லூரி வளாக நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பப் போட்ட திட்டமே பின்னாளில் ஆரஞ்சுக் கூம்பைச் சூடிக்கொண்டு வி.எல்.சி. ஆனது. 2003இல் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள், வீட்டுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு சங்கம் வைத்தன, டி.எல்.என்.ஏ. எனப்பட்ட அச்சங்கம் 2017இல் கலைந்தது. இடையில், 2013இல், கூகுள் 35 டாலருக்கு, டிவியில் செருகும் குரோம்காஸ்ட்டைக் கொண்டுவந்தது. இவ்வரலாற்றில் தேதிகள் எல்லாம் சரி, தொடக்கம் மட்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஸ்ட்ரீமிங்கின் மூலக் கொள்கை, மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தில், எட்டாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

முதற் சான்று குடைவரைக் கோயில். பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து அமைத்த கருவறையில் முருகன் பாறையோடு பாறையாக இருக்கிறார். பெயர்த்து எடுக்க வழியில்லை. அபிஷேகம்கூட அவருக்கு இல்லை, வேலுக்குத்தான். ஆனால் சித்திரை பிறந்தால் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு அவர் மதுரைக்குப் போயாக வேண்டும். மூலவர் இருந்த இடத்தில் இருக்க, உற்சவர் தெய்வானையோடு புறப்பட்டுப் போய், கல்யாணம் முடிந்து ஊர் திரும்புகிறார். ஸ்ட்ரீமிங் என்பது இம்மியும் பிசகாமல் இதுவே. கோப்பு ஹார்டு டிஸ்க்கை விட்டு அசைவதில்லை. அதன் நகல் துண்டு துண்டாக வைஃபையில் புறப்பட்டு டிவியில் எழுந்தருளுகிறது. காட்சி கொடுத்து முடித்த துண்டு அங்கே தங்குவதும் இல்லை. நடுவில் யாராவது லேப்டாப்பை மூடினால் அது உறங்கிவிடும்; கொஞ்ச நேரத்தில் டிவியும் நின்றுவிடும். நடை சாத்திய பிறகு புறப்பாடு ஏது?

இரண்டாம் சான்று நக்கீரர் கதை. திருப்பரங்குன்றத்துக் குளக்கரையில் பூசையில் இருந்தவர் கண்முன் ஓர் இலை விழுந்தது. நீரில் பட்ட பாதி மீனாகவும் நிலத்தில் பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்தன. இதை வியப்பு என்று விட்டுவிட்டார்கள். ஆய்வுக் கண்ணுக்கு இது கோடெக் கோளாறு. ஒரே கோப்பில் படம் ஒரு வடிவத்திலும் ஒலி இன்னொரு வடிவத்திலும் இருக்கும். படம் டிவிக்குப் புரியும், டிடிஎஸ் ஒலி பல டிவிகளுக்குப் புரியாது. கதாநாயகன் வாயை மட்டும் அசைத்துச் சவால் விடுவார். கவனம் சிதறிய நக்கீரரைப் பூதம் பிடித்துக் குகையில் அடைத்தது. அங்கே ஏற்கெனவே 999 பேர். ஆயிரம் சேர்ந்தால்தான் சாப்பிடுவது என்பது பூதத்தின் விரதம். டிவிக்கும் அதே விரதம் உண்டு. வந்த துண்டை வந்தவுடன் காட்டாமல், போதுமான அளவு சேரும்வரை வட்டத்தைச் சுற்றவிடும். இதற்கு பஃபரிங் என்று பெயர் வைத்தது மட்டுமே மேலைநாட்டார் செய்த பணி. நக்கீரர் அப்போது முருகனைப் பாடினார். வட்டம் சுற்றும்போது நாமும் 'முருகா' என்றுதான் சொல்கிறோம்.

இனி மறுப்புகள். பென்டிரைவ் கட்சியார், "காப்பி பண்ணிச் செருகினால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்பர். FAT32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பை ஏற்காது. நல்ல தெளிவான படமோ பெரும்பாலும் அதைத் தாண்டியே நிற்கும். மேலும் இது மூலவரையே பல்லக்கில் ஏற்றும் முயற்சி. ஆகமம் இடம் தராது. வயர் கட்சியார் 2002இல் வந்த ஹெச்டிஎம்ஐயைக் காட்டுவர். தமிழ்நாட்டு வரலாறு அவர்களுக்கு எதிராக இருக்கிறது. 2006இல் வந்த ஆட்சி வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த ஆட்சி பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. இரண்டையும் இணைக்கும் வயரை மட்டும் எந்த ஆட்சியும் கொடுக்கவில்லை. மூன்றாவது மறுப்பு வலுவானது: எல்லாவற்றையும் முன்னோர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வாட்ஸ்அப் வியாதி அல்லவா? அன்று வைஃபை இருந்தது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. வைஃபை வந்த பிறகும் தீராத சிக்கல்கள் அன்றே இருந்தன என்றுதான் சொல்கிறது. சங்க நூலான பரிபாடலின் 19ஆம் பாடலில் கூடலாகிய மதுரையிலிருந்து குன்றம்வரை வழியெல்லாம் கூட்டம். இன்று ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இரும்பு பீரோ. வழி அடைபட்டால் புறப்பாடு தடைபடும்.

கைக்கெட்டிய திரையில் தெரியும் படத்தை இவ்வளவு பாடுபட்டுப் பெரிதாக்குவானேன் என்ற கேள்வி எஞ்சுகிறது. விடையும் அதே பாடலில் இருக்கிறது. பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபத்தை அது காட்டுகிறது: ரதி, காமன், பூனையாய் உருமாறிய இந்திரன், அகலிகை, கௌதமன். பார்க்க வந்தவர்கள் சுட்டிச் சுட்டிக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் விளக்குகிறார்கள். ஆக, படம் பார்ப்பது ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல நடக்கும் காரியம். 15 அங்குலத் திரைமுன் அதற்கு இரண்டு பேர்கூட உட்கார முடியாது. ஆகவே, பாதிப் படத்தில் "யாருடா இவன், அவ அண்ணனா?" என்று கேட்கும் பாட்டியை யாரும் அதட்டக் கூடாது, அவர் சங்க மரபைக் காக்கிறார். பீரோவை நகர்த்துவது கடினம், ரவுட்டரை நகர்த்துங்கள். படம் முடியும்வரை லேப்டாப்பை மட்டும் மூடாதீர்கள்; மூலஸ்தானத்தில் நடை திறந்திருக்கட்டும்.